எட்டா, பத்தா

செங்கல்பட்டு
8 ஜனவரி 2025

ஹரிக்கு,

அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு முறை படித்துவிடு. போன் செய்தால் நீ எடுக்கமாட்டாய். எடுத்தாலும் இரண்டாவது வார்த்தையிலேயே நாம் சண்டைக்கு நின்றுவிடுவோம். அதனால்தான் கடிதம். அதுவும் உன் கடை விலாசத்துக்கு. வீட்டுக்கு அனுப்பினால் அத்தை கையில் கிடைக்கும், அவர்கள் அழுவார்கள்.

நான் கேட்க வந்தது கண்ணாடிக் கடைக்காரனிடம் கேட்கவேண்டிய விஷயம். ஒரு பைனாகுலர் வாங்கவேண்டும், பறவை பார்க்க. உன் அண்ணனுடையது என்னிடம்தான் இருக்கிறது. போலீஸ்காரர்கள் பையோடு சேர்த்துக் கொடுத்தது. ஆனால் உள்ளே பூஞ்சை பிடித்துவிட்டது. வலது கண்ணால் பார்த்தால் சிலந்தி வலைக்குள்ளிருந்து பார்ப்பது போல இருக்கிறது. ஒரு நாள் கை தவறிக் கீழேயும் போட்டுவிட்டேன்.

சென்னையில் ஒரு கடையில் எனக்காக இரண்டை எடுத்து வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை, பதினைந்தாயிரத்தை ஒட்டி. ஒன்று எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது, நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் லென்ஸ். ஏதோ விசேஷக் கண்ணாடி போட்டது என்கிறார்கள். மற்றது பத்து மடங்கு, அதே நாற்பத்திரண்டு, சாதாரணக் கண்ணாடி. விற்கிற பையன் "பத்தை எடுத்துக்குங்க மேடம், பக்கத்துல தெரியும்" என்கிறான். அவனுக்கு எதைக் கேட்டாலும் பக்கத்தில் தெரியும் என்பதுதான் பதில்.

கோவளத்தில் முகத்துவாரத்தின் இந்தக் கரையிலிருந்து நடுவில் இருக்கிற மணல் திட்டைப் பார்க்கவேண்டும். விடிந்த நேரத்தில். நான் இப்போது கண்ணாடி போட்டிருக்கிறேன் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள். எட்டா, பத்தா, அதை மட்டும் எழுது. வேறெதுவும் எழுதவேண்டாம்.

ஜெயப்பிரியா


ஓசூர்
14 ஜனவரி 2025

அண்ணிக்கு,

பொங்கலன்னைக்குக் கடை லீவு. உட்கார்ந்து எழுதறேன். வேறெதுவும் எழுதாதன்னு சொன்னீங்க. கடைசியில எழுதறேன், வேணாம்னா அதைப் படிக்காதீங்க.

எட்டு வாங்குங்க.

ஏன்னு சொல்றேன். பத்து மடங்குன்னா பறவை மட்டும் பத்து மடங்கு பெருசாகாது, உங்க கை நடுக்கமும் பத்து மடங்காகும். கரையில நின்னுகினு காத்துல பார்க்கறப்போ பறவை ஆடும். பார்க்கிற வட்டமும் சின்னதாப் போயிடும், பறக்கறதைத் தேடிப் பிடிக்கறதுக்குள்ள அது போயிடும். ரெண்டுலயும் முன் லென்ஸ் ஒரே அளவுதான். அதனால எட்டுல கண்ணுக்கு வர்ற வெளிச்சத்தோட வட்டம் பெருசு. விடியக்காலைல அது முக்கியம். அப்புறம் அந்த விசேஷக் கண்ணாடி சும்மா பேச்சு இல்ல. நீங்க நிக்கிற கரையிலிருந்து பார்த்தா சூரியன் எதிர்ல எழும்பும். எதிர் வெளிச்சத்துல கறுப்பாத் தெரியறது எல்லாத்துக்கும் ஓரத்துல ஊதாக் கோடு விழும். அந்தக் கண்ணாடியில அது விழாது, விழுந்தாலும் கம்மி.

கடையில இதைச் செஞ்சு பாருங்க. கையை நீட்டி, பைனாகுலரை வெளிச்சத்துப் பக்கம் காட்டி, கண்ணு வைக்கிற ஓட்டையைப் பாருங்க. உள்ள தெரியற வெளிச்சம் முழு வட்டமா இருக்கணும். ஓரம் வெட்டின மாதிரி இருந்தா வேணாம். உங்க கண்ணாடியைக் கழட்டாமப் பாருங்க. ரப்பர் வளையத்தை உள்ள திருகிட்டு, வட்டம் முழுசாத் தெரியுதான்னு. உள்ள வாயு அடைச்சு சீல் பண்ணியிருக்கான்னு கேளுங்க. கடல் காத்துக்கு அது இல்லேன்னா திரும்பவும் பூஞ்சைதான்.

இனிமே வேறெதுவும்.

பறவை பார்க்கணும்னா வேடந்தாங்கல் கீது, கரிக்கிலி கீது. நீங்க ஏன் அந்தத் திட்டைப் பார்க்கணும்? வலையில சிக்கின கூழைக்கடாவை எடுத்துவிடறேன்னு அண்ணன் இறங்கிப் போனது அந்தத் திட்டுக்குத்தான். மழைத் தண்ணி முகத்துவாரத்தை உடைச்சுக்கினு ஓடின நாள் அது. ரெண்டு வருஷம் ஆயிடுச்சு. உடம்பு கிடைக்கல. கிடைக்காதுன்னு எல்லாரும் சொன்னப்புறம் தர்ப்பையில உருவம் செஞ்சு நான் கொள்ளி வச்சேன். நீங்க வரல. வூட்டைப் பூட்டிக்கினு உள்ள இருந்தீங்க. என் பொண்டாட்டி வைஷாலிதான் வந்து கதவைத் தட்டினா. உள்ள ஃபேன் ஓடற சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னா.

அம்மா இன்னும் உங்களைத்தான் கேக்கறாங்க. என்னைக் கேட்டா, எனக்கு உங்க மேல கோவம் இருக்குது, இல்லேன்னு சொல்லமாட்டேன். ஆனா அந்தக் கரைக்கு நீங்க தனியாப் போறீங்கன்னு படிச்சதும் பொங்கல் இறங்கல.

ஹரிஹரன்


செங்கல்பட்டு
22 ஜனவரி 2025

ஹரிக்கு,

வேறெதுவும் என்று நீ எழுதியதையும் படித்தேன்.

அன்று கதவைத் திறக்காததற்குக் காரணம் உண்டு. புல்லைக் கட்டி அதற்கு என் வீட்டுக்காரர் பேர் வைத்துக் கொளுத்துகிறீர்கள், அதை நான் வந்து பார்க்கவேண்டும் என்றால் எப்படி? என் தொழில் உனக்குத் தெரியும். நாளெல்லாம் எக்ஸ்ரே எடுக்கிறேன். படத்தில் இல்லாததை இருக்கிறது என்று நான் சொல்வதில்லை. அவர் செத்துப்போனதை எந்தப் படத்திலும் எனக்கு யாரும் காட்டவில்லை.

சரி. பறவை பார்க்க என்று எழுதினேன் அல்லவா, அது பொய் இல்லை. ஆரம்பத்தில் பறவைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பஸ்ஸில் போய்விடுவேன். அவர் போன இடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காருவதற்குப் பதில், அவர் பார்த்ததையாவது பார்க்கலாம் என்று அந்தப் பழைய பைனாகுலரைக் கொண்டுபோக ஆரம்பித்தேன். ஆலா, உப்புக்கொத்தி, கடல் காகம். அவர் சொல்லிக்கொடுத்த பெயர்கள் எனக்கு மறக்கவில்லை.

கார்த்திகை மழை விட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, திட்டின் தெற்கு முனையில் ஓர் ஆள் நிற்பதைப் பார்த்தேன். கணுக்கால் தண்ணீரில். மீன் பிடிக்கிறவர் என்று நினைத்தேன். ஆனால் வலை இல்லை, கூடை இல்லை. படகும் இல்லை. பைனாகுலரை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தால் வெளிச்சம் மட்டும்தான். மறுபடி வைத்தால் நிற்கிறார். அடுத்த வாரமும் அதே இடத்தில் நின்றார். அதற்கு அடுத்த வாரம் இல்லை. நான் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். இல்லாத அந்த வாரம்தான் எனக்குத் தாங்கமுடியவில்லை.

ஒன்று சொன்னால் உனக்குப் புரியும். அவரைச் சுற்றி ஆலாக்கள் உட்கார்ந்திருக்கின்றன. கூட்டமாக, அவர் காலுக்குப் பக்கத்திலேயே. ஆள் வந்தால் எழும்பாத ஆலாவை நீ பார்த்திருக்கிறாயா?

ஏசுபாதம் என்று ஒரு படகுக்காரர் அங்கே இருக்கிறார். உன் அண்ணன் தண்ணீரில் இறங்கியதைக் கடைசியாகப் பார்த்தவர் அவர்தான். அவரிடம் பைனாகுலரைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். "இன்னாக்கா, ஒண்ணியும் கீறாப்புல தெரியலியே, மண்ணுதான் கீது" என்றார். பிறகு என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நாஸ்தா துன்னியாக்கா?" என்று கேட்டார்.

நான் பைத்தியமாகிவிட்டேனா, கண்ணாடி கெட்டுவிட்டதா என்று எனக்குத் தெரியவேண்டும். அதற்குத்தான் புதுசு. எனக்கு முகம் பார்க்கவேண்டும் ஹரி. இப்போது சொல், எட்டா, பத்தா?

அண்ணி


ஓசூர்
28 ஜனவரி 2025

அண்ணிக்கு,

உங்க கடிதத்தைக் கடையிலேயே படிச்சேன். வாடிக்கைக்காரர் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார், பவர் பார்க்க வந்தவர். எழுத்துப் பலகையில மேல் வரியைப் படிங்கன்னு சொல்லிட்டு நான் வேற எங்கேயோ இருந்தேன்.

நீங்க பைத்தியம் இல்ல. கண்ணாடிதான் கெட்டிருக்கு. அதை நீங்க கீழ போட்டீங்க இல்ல, உள்ள இருக்கிற பிரிஸம் நகர்ந்திருக்கும். நகர்ந்தா ரெண்டு குழாயும் ரெண்டு திசையைப் பார்க்கும். ஒரு பொருள் ரெண்டாத் தெரியும், இல்ல ஒண்ணு மேல ஒண்ணு ஏறித் தெரியும். எங்க தொழில்ல அதுக்குப் பேரே பேய் பிம்பம். ஒரு கொக்கும் ஒரு வலைக் கம்பும் அந்தத் தூரத்துல ஒண்ணு மேல ஒண்ணு ஏறினா ஆள் மாதிரிதான் இருக்கும். அதுக்கு மேல பூஞ்சை, எதிர் வெளிச்சம் வேற. கொக்கு நின்னா ஆலா ஏன் எழும்பணும்? ஏசுபாதத்துக்குத் தெரியாததுக்கும் அதுதான் காரணம். ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இருக்கிற தூரம் அவருக்கு வேற, உங்களுக்கு வேற.

பழசை கூரியர்ல அனுப்பிடுங்க. திறந்து பார்த்துச் சொல்றேன்.

முகம் வேணும்னு பத்தை வாங்காதீங்க. அந்தத் தூரத்துல, தண்ணி மேல, பத்து இல்ல இருபது மடங்கு வச்சாலும் முகம் கிடைக்காது. வெயில் ஏற ஏறக் காத்தே அலையா ஆடும். கண்ணாடி எவ்வளவு நல்லதா இருந்தாலும் நடுவுல இருக்கிற காத்தைத் துடைக்க முடியாது. எட்டுல ஆட்டம் இல்லாமத் தெரியும். அது கொக்குன்னு நீங்களே சொல்வீங்க.

சொன்னப்புறம் ஒரு நாள் இங்க வாங்க. அம்மா கால் வீங்கிக் கிடக்கறாங்க. திட்டறதுக்காகக் கூப்பிடல.

ஹரிஹரன்


செங்கல்பட்டு
12 பிப்ரவரி 2025

ஹரிக்கு,

எட்டு வாங்கினேன். நீ சொன்னபடி கையை நீட்டிப் பார்த்தேன், முழு வட்டம். கண்ணாடியைக் கழற்றாமல் பார்த்தேன், ஓரம் வெட்டவில்லை. விற்கிற பையன் மட்டும் கொஞ்சம் முகம் வாடிவிட்டான். பழசை நேற்று கூரியரில் போட்டாயிற்று.

முதல் ஞாயிறு யாரும் இல்லை. பறவைகள் இருந்தன. ஹரி, இவ்வளவு நாள் நான் எதையுமே பார்க்கவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உப்புக்கொத்தியின் கழுத்தில் இருக்கிற கறுப்புக் கோடு வரை தெரிகிறது. நாரை ஒன்று தண்ணீரைக் குத்தி எடுத்தபோது அலகிலிருந்து சொட்டியது தெரிந்தது. உன்னை வாழ்த்தினேன். கொக்கும் கம்பும் என்று நீ சொன்னதுதான் சரி, நான் ஓசூருக்கு வருகிறேன் என்று எழுதலாம் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

போன ஞாயிறு அவர் இருந்தார்.

நான் எழுதப்போவதை எப்படி எடுத்துக்கொள்வாயோ தெரியாது. சேதி மட்டும் சொல்கிறேன், எக்ஸ்ரே ரிப்போர்ட் எழுதுகிற மாதிரி. ஆண். சட்டை வெளிர் நிறம், நனைந்திருக்கிறது. பேன்ட் முழங்கால் வரை சுருட்டியிருக்கிறது. நிற்கிற இடம் அதே தெற்கு முனை. இரண்டு கையையும் குழாய் போல மடக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டிருக்கிறார். என் பக்கம் பார்த்து.

உனக்குத் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பைனாகுலர்தான் இருந்தது. அது என் கையில் இருக்கும்போது உன் அண்ணன் இப்படித்தான் கையை வைத்துக்கொண்டு நிற்பார். "உனக்குத் தெரியறதெல்லாம் எனக்கும் தெரியுது, பார்த்துக்கோ" என்பார். இதைப் பார்த்தவர் உலகத்தில் நான் ஒருத்திதான். கொக்குக்கும் கம்புக்கும் இது எப்படித் தெரியும்?

நான் நோயாளிகளிடம் சொல்வதை எனக்கே சொல்லிக்கொண்டேன். அசையாதே, மூச்சை இழுத்துப் பிடி. பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவரும் அசையவில்லை. கடைசியில் நான்தான் மூச்சு விட்டேன். கண்ணை மூடித் திறந்தபோது ஆலாக்கள் மட்டும் இருந்தன.

வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பயமே இல்லாமல் இருந்தேன். அடுத்த வாரம் ஏசுபாதத்தைப் படகு எடுக்கச் சொல்லப்போகிறேன். கிட்டே போய்ப் பார்த்துவிடுவேன்.

அண்ணி


ஓசூர்
18 பிப்ரவரி 2025

அண்ணிக்கு,

போகாதீங்க. இந்தக் கடிதம் வர்றதுக்குள்ள ஞாயித்துக்கிழமை வந்துடப் போவுதேன்னு போன் பண்ணினேன். நீங்க எடுக்கல. ஏசுபாதத்தோட நம்பரைத் தேடிப் பிடிச்சு அவர்கிட்ட பேசினேன். நான் வர்ற வரைக்கும் அண்ணியைப் படகுல ஏத்தாதீங்கன்னு சொன்னேன். "நானே ஏத்தமாட்டேன் அண்ணாத்த, அந்தக்கா பார்க்கற பார்வையே பேஜாரா கீது"ன்னு சொன்னார். கோவிச்சுக்காதீங்க.

பழசு வந்துச்சு, திறந்தேன். நான் சொன்னது மாதிரியே வலது பக்கப் பிரிஸம் நகர்ந்திருந்தது. பூஞ்சை ரெண்டு பக்கமும். அதுல தெரிஞ்சதுக்கு அதுவே பதில். புதுசுல தெரிஞ்சதுக்கு என்கிட்ட ஒரு பதில்தான் இருக்கு. ரெண்டு வருஷம் ஒரே இடத்தை ஒரே நினைப்போட பார்த்தா, கண்ணு தெரிஞ்சதைச் சொல்லாது, கேட்டதைச் சொல்லும். என்கிட்ட வர்றவங்க தெரியாத எழுத்தைத் தெரியுதுன்னு படிக்கறாங்க. பொய் சொல்லல அவங்க.

ஒரு பரீட்சை வைக்கலாம். மார்ச் ரெண்டாம் தேதி ஞாயிறு நான் வரேன். முதல்ல ரெண்டு பேரும் கரையிலேருந்து பார்க்கலாம். அப்புறம் நீங்க ஏசுபாதத்தோட திட்டுக்குப் போங்க. அதே தெற்கு முனையில நில்லுங்க. நான் கரையில புதுக் கண்ணாடியோட நிக்கறேன். அங்க நிஜமா ஒரு ஆள் நின்னா இங்கேருந்து எப்படித் தெரியும், கை தெரியுமா, சட்டை தெரியுமான்னு பார்த்துச் சொல்றேன். என்ன தெரியுது, என்ன தெரியாதுன்னு தெரிஞ்சுடுச்சுன்னா மீதி நம்ம மனசு சேர்த்ததுன்னு ஆயிடும்.

எனக்கு நீச்சல் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் அந்தத் தண்ணியில கால் வைக்கமாட்டேன். அதனால நான் கரையிலதான்.

அம்மாகிட்ட தாம்பரத்துல கல்யாணம்னு சொல்லிட்டு வரேன்.

ஹரிஹரன்


செங்கல்பட்டு
5 மார்ச் 2025

ஹரிக்கு,

ஓசூருக்குப் போய்ச் சேர்ந்தாயா? ஒரு செய்தி கூட அனுப்பவில்லை. ஏசுபாதம் வீட்டில் உனக்கும் சேர்த்து இட்லி வைத்திருந்தார்கள். படகை விட்டு நான் இறங்கியதும் பைனாகுலரை என் கையில் திணித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாய். இரண்டு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறோம், கொஞ்சம் உட்கார்ந்திருக்கலாம். போகட்டும். என் மேல் கோபம் தீர்ந்திருக்காது.

நீ கேட்காமல் போனதால் எழுதுகிறேன்.

கரையிலிருந்து பார்த்தபோது நம் இருவர் கண்ணுக்கும் யாரும் தெரியவில்லை. படகில் போகும்போது ஏசுபாதம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. திட்டில் படகு முட்டியதும் பறவைகள் எல்லாம் ஒரே சத்தத்தோடு எழும்பிவிட்டன. அத்தனையும், ஒன்று பாக்கியில்லாமல். நான் ஆள், அதனால் எழும்பின. அந்த நிமிஷத்தில் எனக்கு ஏதோ விட்டுப்போயிற்று.

தெற்கு முனைக்கு நடந்தேன். ஈர மணல். என் காலடியைத் தவிர வேறு காலடி இல்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் கூப்பிட்டேன். அலைச் சத்தம் மட்டும்தான். பிறகு உட்கார்ந்து மணலைக் கையில் அள்ளினேன். இங்கேதான் அவர் கால் கடைசியாக நின்றது என்று நினைத்தேன். அவர் இறந்துவிட்டார் என்று முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னேன். சொன்னதும் அழுகை வந்தது. அது வேறு மாதிரி அழுகை, ஹரி. அதில் கேள்வி இல்லை.

அன்றைக்கு மத்தியானம் படுத்தவள் சாயங்காலம் பால்காரர் மணி அடித்தபோதுதான் எழுந்தேன்.

உன் பரீட்சை நல்ல பரீட்சை. இந்த அமாவாசைக்கு அவருக்குப் படையல் போடும்போது நானும் வந்து நிற்கிறேன். அத்தையிடம் சொல். அவர்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன் என்றும் சொல்.

அண்ணி


ஓசூர்
10 மார்ச் 2025

அண்ணிக்கு,

நீங்க நல்லாத் தூங்கினீங்கன்னு படிச்சது சந்தோஷம். அமாவாசைக்கு வாங்க.

ஒண்ணு மட்டும் கேக்கணும். திட்டுக்குப் போனப்போ ஏசுபாதம் படகை விட்டு இறங்கினாரா? உங்க கூட முனை வரைக்கும் நடந்து வந்தாரா? கரையிலேருந்து பார்த்தப்போ படகு மணல் மேட்டுக்குப் பின்னாடி மறைஞ்சு இருந்துச்சு. அதான் கேக்கறேன். வேற ஒண்ணும் இல்ல.

அவர் இறங்கியிருப்பார்னு நினைக்கிறேன்.

அப்புறம், அந்த எட்டு மடங்கை எனக்குக் கூரியர்ல அனுப்பிடுங்க. லென்ஸைச் சரி பார்க்கணும்.

ஹரிஹரன்


செங்கல்பட்டு
15 மார்ச் 2025

ஹரிக்கு,

ஏசுபாதம் இறங்கவில்லை. நான் கூப்பிட்டேன். "தண்ணி இழுக்குதுக்கா, நான் படகைப் புடிச்சுக்கினு கீறேன், நீ போய் வா" என்றார். உன் கடிதம் வந்த பிறகு நேரில் போய் இன்னொரு தரமும் கேட்டேன். துடுப்பை மணலில் ஊன்றி, படகிலேயே உட்கார்ந்திருந்ததாகச் சொல்கிறார். கால் கூட நனையவில்லையாம்.

பைனாகுலரை அனுப்பமாட்டேன். வாங்கி முழுதாக இரண்டு மாதம் ஆகாத பொருளுக்கு என்ன சரி பார்ப்பது? நீ கண்ணாடிக்காரன், நான் நிழல் படிக்கிறவள். சொல்லாமல் விட்டதையும் படிப்பேன்.

பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று நீ சொன்னபோது உன் உதடு வெளுத்திருந்தது. அதை நான் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். எனக்குக் கிடைத்த தூக்கத்தை விட்டுக்கொடுக்க மனமில்லை. கேட்காமல் இருந்துவிடலாம் என்றும் பார்த்தேன். முடியவில்லை. அவர் இறந்துவிட்டார் என்று சொன்ன வாய்தான் கேட்கிறது. அதை நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை. அமாவாசைக்கு வரத்தான் போகிறேன். ஆகையால் பயப்படாமல் சொல்.

எப்படி இருந்தார்?

அண்ணி


ஓசூர்
21 மார்ச் 2025

அண்ணிக்கு,

நல்லா இருந்தான்.

முதல்ல நீங்க மட்டும்தான் தெரிஞ்சீங்க. புடவை கலர் தெரிஞ்சுது, கை தெரிஞ்சுது. பரீட்சை சரியாப் போவுதுன்னு நினைச்சேன். கண்ணுல தண்ணி கட்டிக்கிச்சு, எதிர் வெளிச்சம் இல்லியா. துடைச்சுக்கினு திரும்ப வச்சேன். ரெண்டு பேர் நின்னீங்க. உங்களுக்கு இடது பக்கத்துல, நடுவுல இன்னொரு ஆள் நிக்கற அளவு தள்ளி.

ஏசுபாதம்னுதான் நினைச்சேன். நினைக்கணும்னு நினைச்சேன். ஆனா ஏசுபாதம் குட்டை. இவன் தோளை ஒரு பக்கம் சாய்ச்சு நின்னான். சின்ன வயசுல மாட்டு வண்டியிலேருந்து விழுந்து தோள் எலும்பு உடைஞ்சதிலேருந்து அவன் அப்படித்தான் நிப்பான்.

சக்கரத்தைத் திருகினேன். கண்ணாடியை மாத்திப் பிடிச்சேன். ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால பார்த்தேன். பிரிஸம் ரெண்டாக் காட்டினா ஒரு கண்ணை மூடினதும் ஒண்ணாயிடணும். ஆகல. வெறும் கண்ணால பார்த்தேன். வெள்ளை வெளிச்சத்துல கறுப்பா ஒரு கோடு தெரிஞ்சுது. அது ஒண்ணா ரெண்டான்னு சொல்ல முடியல. எனக்குத் தெரிஞ்ச பரீட்சை அவ்வளவுதான் அண்ணி. எல்லாத்தையும் வச்சுப் பார்த்துட்டேன்.

நீங்க உட்கார்ந்து மண்ணை அள்ளினப்போ அவன் குனிஞ்சான். நீங்க எதையோ தொலைச்சுட்டுத் தேடற மாதிரியும், அவனும் கூடத் தேடற மாதிரியும் இருந்துச்சு. அவசரம் ஒண்ணும் இல்ல அவன்கிட்ட. அப்புறம் நீங்க எழுந்து படகுப் பக்கம் நடந்தீங்க. அவன் பின்னாடியே வந்தான். மேட்டுல ஏறி, உங்களைக் கொண்டுவந்து விடற மாதிரி உச்சியில நின்னான்.

அம்மாகிட்ட நீங்க வர்றீங்கன்னு மட்டும் சொல்லியிருக்கேன். வேற ஒண்ணும் சொல்லல, சொல்லவும் போறதில்ல. நேத்து வரைக்கும் அழுதுகினு இருந்தவங்க இன்னைக்கு உங்களுக்கு எந்த அறையை ஒழிக்கிறதுன்னு வைஷாலியோட சண்டை போடறாங்க. கடையில எனக்கு ஒரு வேலையும் ஓடல. யாருக்காவது லென்ஸைத் துடைச்சு வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தா கை நின்னுடுது.

நீங்க கேக்காததையும் சொல்லிடறேன். எனக்கு யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல.

அவன் என் பக்கம் பார்க்கவேயில்ல. ஒரு தடவை கூட. கரையில தம்பி நிக்கறான்னு அவனுக்குத் தெரியலியோ என்னவோ. கொள்ளி வச்சவன்னு கோவமோ. படகு திரும்பி, நீங்க பாதித் தண்ணி வந்தப்புறமும் அவன் அங்கேயே நின்னுகினு இருந்தான். நான் கண்ணாடியை இறக்கிட்டுக் கையைத் தூக்கி ஆட்டினேன். அண்ணான்னு கத்தினேன், காத்து எதிர்க் காத்து. ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினேன், ஒரே ஒரு தடவை பாருடான்னு.

நீங்கதான் பார்த்தீங்க. உங்களுக்குன்னு நினைச்சுக்கினு, படகுல எழுந்து நின்னு, பதிலுக்குக் கையை ஆட்டினீங்க.

ஹரி